பொம்மை நகரத்தில் ஓர் ஆள்

"என் பெரியண்ணன்தான் என் வீட்டுக்காரரைக் கொன்னான். அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவள் இதைச் சொல்லிவிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கடையில் சாமான் கேட்கிறவளின் குரல். அழுத தடம் எதுவும் முகத்தில் இல்லை. அழுகை இன்னும் வந்து சேரவில்லை என்று துப்பறிவாளருக்குத் தோன்றியது.

அவருடைய அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. எல்லோரும் அவரை நிதானம் என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் வங்கிக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். மனைவியின் தம்பி அவரிடம் உதவியாளனாக இருந்தான். அவனை அவசரம் என்றார்கள். அந்தப் பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை.

"உங்க அண்ணனைத்தான் போலீஸ் பிடிச்சு வச்சிருக்காங்களே" என்றார் நிதானம். "அப்புறம் நான் எதுக்கு?"

"பிடிச்சு வச்சு என்ன? ஆதாரம் பத்தாதுன்னு இன்ஸ்பெக்டர் இழுக்கறார். நாளைக்கே விட்டாலும் விட்டுடுவாங்க. விடக் கூடாது."

அவள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. பெரியண்ணன் படம் எடுப்பான். சின்னண்ணன் கம்ப்யூட்டரில் படத்துக்கு வேலை செய்வார். அவள் கணவன் வெளியே போய் ஆர்டர் பிடிப்பான். அண்ணன்கள் இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "எலியும் பூனையும்கூட ஒரே வீட்டுல கிடந்தா பழகிடும். இவங்க பழகலை" என்றாள்.

இந்த வருடம் ஒரு காலண்டர் கம்பெனி 'பொம்மை நகரம்' என்று ஒரு வரிசை கேட்டிருந்தது. உயரத்திலிருந்து எடுத்த சாதாரணத் தெருப் படங்கள். கம்ப்யூட்டரில் நடுவே ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதை மங்கலாக்கி, நிறங்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கண் ஏமாந்துபோகும். பேருந்து தீப்பெட்டியாகத் தெரியும். மனிதர்கள் களிமண் உருவங்களாகத் தெரிவார்கள். மேசைமேல் வைத்த பொம்மை ஊரை யாரோ குனிந்து படம் எடுத்ததுபோல் இருக்கும்.

முதல் அச்சில் 'படைப்பு' என்ற இடத்தில் அவள் கணவனின் பெயர் மட்டும் இருந்தது. பெரியண்ணன் அச்சகத்திலேயே அவன் சட்டையைப் பிடித்தான்.

"'உன்னை மேலேருந்து தள்ளிவிட்டு அதையும் ஒரு படம் எடுப்பேன்டா'ன்னான். பத்துப் பேர் கேட்டிருக்காங்க. அடுத்த வாரம் அவர் மூடிக் கிடக்கிற ஐஸ் கம்பெனித் தண்ணி டேங்குலேருந்து விழுந்து கிடந்தார். காலைல வாட்ச்மேன் பார்த்தான். முந்தின நாள் மத்தியானமே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"டேங்க் மேலே அவர் எதுக்குப் போனார்?"

"உயரமான இடமா தேடிட்டே இருந்தார். படம் எடுக்க. இவனும் அன்னிக்கு மத்தியானம் கேமராவோட அதே பக்கம் சுத்தியிருக்கான். கார் நிறுத்தற மாடிக் கட்டடத்து உச்சியில இருந்தேன்கிறான். பார்த்தவங்க யாரும் இல்லை."

பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசைமேல் விரித்தாள். அன்று எடுத்த படம். கம்ப்யூட்டர் வேலை முடிந்து அச்சான மாதிரி.

"இதைச் சுவத்துல மாட்டி வைங்க. அவர் செத்துக் கிடக்கறப்போ இவன் எடுத்தது."

அவசரம் பாய்ந்து குனிந்தான். நிதானம் மெதுவாகக் குனிந்தார். கடைத்தெரு பளிச்சென்று கிடந்தது. தெருவோரத்தில் ஐஸ் கம்பெனியின் சிமெண்ட் டேங்க் நான்கு கால்களில் உயர்ந்து நின்றது. அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு லாட்ஜின் மொட்டை மாடி. அங்கே கொடிகளில் வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. லாட்ஜும் கொடிகளும் விரிப்புகளும் சூட்டில் விட்ட மெழுகுபோல் இளகியிருந்தன. அந்த மெழுகின் நடுவே எறும்பு அளவில் ஒரு மனிதன். இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தான். ஒரு கை நீண்டிருந்தது. அவன் மட்டும் குண்டூசிபோல் கூர்மையாக இருந்தான்.

"இந்த ஆள் யாரு?"

"யாருக்குத் தெரியும். லாட்ஜ்காரனா இருக்கும். விரிப்புக் காயப்போடறான்." அவள் எரிச்சலுடன் எழுந்தாள். "நான் எதைக் காட்டறேன், நீங்க எதைப் பார்க்கறீங்க? சின்னண்ணன் கீழே வண்டியில காத்துக்கிட்டிருக்கார். அவர் மட்டும் இல்லைன்னா நான் இந்த மூணு வாரம் தாண்டியிருக்க மாட்டேன்."

ஒரு வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவனுக்கு 'ன்', இன்னொருவருக்கு 'ர்'. நிதானம் அதைக் கேட்டுக்கொண்டார். 

பெரியண்ணன் காவல் நிலையத்தின் பின்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"தங்கச்சி அனுப்பின ஆளுங்களா? கயித்தையும் கையோட கொண்டு வந்திருக்கலாமே. வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

"நீங்க கொல்லலைன்னா..." என்று ஆரம்பித்தான் அவசரம்.

"கொல்லலைன்னா என்ன, நீ நம்பிடுவியா? இங்கே வந்து என் மூஞ்சில காறித் துப்பிட்டுப் போனா. கூடப் பிறந்தவ. அவளே நம்பலை."

நிதானம் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் படத்தை எடுக்கறப்போ டேங்குல யாராவது இருந்தாங்களா?"

"நான் பார்த்தது தெருவைத்தான். பஸ் திரும்பறதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். திரும்புச்சு, அமுக்கினேன், இறங்கிட்டேன்."

"லாட்ஜ் மாடியில ஒரு ஆள் இருக்காரே."

"இருந்துட்டுப் போகட்டும். அவனா எனக்குச் சாட்சி சொல்லப்போறான்?"

"படத்தைத் தம்பிகிட்ட எப்படிக் குடுத்தீங்க?"

"குடுக்கறதா? கல்லாப் பக்கத்துல ஒரு தகர டப்பா இருக்கு. கேமரா மெமரி கார்டை அதுல போட்டுடுவேன். அவன் எடுத்துக்குவான். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் ரெண்டு பேருக்கும்." பெரியண்ணன் கசப்பாகச் சிரித்தான். "அசலை நான் அன்னிக்கே நேரா காலண்டர்காரனுக்கு அனுப்பிட்டேன். அவங்க சட்டம் அது. அசலையும் வேலை முடிஞ்சதையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. மங்கலாக்கலாம், நிறம் ஏத்தலாம். ஒரு காக்காயைக்கூடச் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது."

"உங்க தம்பி வேலை எப்படி?"

பெரியண்ணன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"அவன் மனுஷன் இல்லை. ஆனா கை நல்ல கை" என்றான்.

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் வழிமறித்தார். "டயர் கடை மாடியில உட்கார்ந்துக்கிட்டு எங்க வேலையைப் பஞ்சர் பண்றீங்களா?"

"ஒட்டத்தான் பார்க்கறோம்" என்றார் நிதானம்.

ஸ்டூடியோவில் சின்னண்ணன் அவர்களுக்கு நாற்காலி போட்டார். ஒல்லியான மனிதர். சட்டைக் கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தது. குரலை உயர்த்தாமல் பேசினார். பெரியண்ணனைப் பற்றிக் கேட்டபோது, "அவரைப் பத்தி நான் என்ன சொல்ல. கோபக்காரர். கை முந்திக்கும்" என்று மட்டும் சொன்னார்.

சுவரில் ஒரு கடிகாரக் கோபுரத்தின் படம் தொங்கியது. அதுவும் பொம்மைத் தோற்றம்தான். ஆனால் கோபுரத்தின் அடி தெளிவாகவும் உச்சி புகை மூடியதாகவும் இருந்தது.

"இதுவும் உங்க வேலையா?" என்று கேட்டான் அவசரம்.

சின்னண்ணன் அடி வாங்கியதுபோல் திரும்பினார். "இதுவா? மாப்பிள்ளை செஞ்சது. புதுசா ஒரு புரோகிராம் வாங்கிட்டு வந்தார். பட்டனைத் தட்டினா போதுமாம். பாருங்க, கோபுரத்துக் கழுத்தை அறுத்து வச்சிருக்கு."

"இது ஏன் தப்பு? மேலே மங்கலா இருக்கணும்தானே?"

"மேலே, கீழே இல்லைங்க. தூரம், கிட்டம்." முதல் முறையாக அந்தக் குரலில் சூடு வந்தது. "கோபுரம் எங்கே நிக்குது? தெளிவா இருக்கற தெருவுல. அடி எந்தத் தூரமோ உச்சியும் அதே தூரம். அப்போ உச்சி வரைக்கும் தெளிவா இருக்கணும். அதுக்குப் பின்னாடி இருக்கற வானமும் கட்டடமும்தான் மங்கணும். பட்டனுக்கு அது தெரியாது. நான் ஒவ்வொண்ணையும் விளிம்பு விளிம்பா வரைஞ்சு பிரிப்பேன். இது எங்கே நிக்குது, அது எங்கே நிக்குதுன்னு பார்த்துத்தான் மங்கலை விடுவேன். நின்ன இடம் தப்பினா பொம்மை செத்துடும்."

நிதானம் சுருளை விரித்தார். "இதையும் அப்படித்தானா?"

"அப்படித்தான். அன்னிக்குச் சாயங்காலமே முடிச்சு அனுப்பிட்டேன். மாப்பிள்ளை செத்தது மறுநாள்தானே தெரிஞ்சுது."

"இந்த இடத்துக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"அந்தப் பக்கமே போனதில்லை. படத்துலதான் பார்த்திருக்கேன்."

"இந்த ஆள் யாரு?"

சின்னண்ணன் குனியவில்லை. "லாட்ஜ் ஆள். விரிப்புக் காயப்போடறான்."

"லாட்ஜ் மாடியில?"

"ஆமா, லாட்ஜ் மாடியில. வேற எங்கே?"

நிதானம் படத்தைச் சுருட்டிக்கொண்டார். அசலின் ஒரு பிரதி வேண்டும் என்றார். சின்னண்ணன் தயங்காமல் கொடுத்தார்.

மாடிப்படியில் தங்கை நின்றிருந்தாள். "அவரை என்ன குடைஞ்சு குடைஞ்சு கேட்கறீங்க? அன்னிக்கு மத்தியானம் பூரா அவர் கீழேதான் இருந்தார். போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

"பார்த்தீங்களா?"

"ரேடியோ பாடிக்கிட்டே இருந்துது. ரேடியோ இல்லாம அவருக்குக் கை ஓடாது. ரேடியோ தானா பாடுமா?"

தெருவுக்கு வந்ததும் அவசரம் முணுமுணுத்தான். "ரேடியோ தானாத்தான் அத்தான் பாடும்."

"பொறு" என்றார் நிதானம்.

மறுநாள் நிதானம் கார் நிறுத்தும் கட்டடத்தின் உச்சியில் கேமராவுடன் நின்றார். அவசரம் ஐஸ் கம்பெனி டேங்க்மேல் நின்றான். நின்றான் என்று சொல்வது மரியாதைக்காக. இரும்பு ஏணியில் ஏறும்போதே அவன் குலதெய்வத்தில் ஆரம்பித்து, தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டிருந்தான். மேலே தட்டையான தளம். சுற்றிலும் துருப்பிடித்த கம்பித் தடுப்பு. ஒரு பக்கத்தில் தடுப்பு பிய்ந்து, ஒரு கம்பி மட்டும் வெளிப்பக்கமாகத் தொங்கியது. அந்த இடைவெளி வழியாகத்தான் அவள் கணவன் விழுந்திருந்தான்.

லாட்ஜ் மாடியில் உண்மையிலேயே ஒரு பணியாள் விரிப்புகளுக்கு நடுவே நின்றான். நிதானம் அவனையும் கேட்டு நிறுத்தி வைத்திருந்தார். அவன் வாட்டசாட்டமான ஆள். அவசரத்தைவிட ஒரு தலை உயரம்.

கேமராவின் கண்ணாடி வழியே பார்த்தால் டேங்கின் மேல் விளிம்பும் லாட்ஜின் கைப்பிடிச் சுவரும் ஒரே கோடாகச் சேர்ந்துவிட்டன. இரண்டும் ஒரே சிமெண்ட் நிறம். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வதுபோல் தெரிந்தது.

அவசரம் கீழே இறங்கி வந்து சேர்ந்தான். "என்ன அத்தான் கிடைச்சுது? என் உயிர் போய்ப் போய் வந்துது."

"படத்துல நீ அவனைவிடப் பெரிய ஆள்."

"நேர்லயும் அப்படித்தானே."

"நேர்ல நீ அவன் தோளுக்கு வருவ." நிதானம் கேமராவைப் பையில் போட்டார். "இன்ஸ்பெக்டர்கிட்ட போகலாம். எல்லாரையும் வரச் சொல்லணும்."

அடுத்த நாள் இன்ஸ்பெக்டரின் அறையில் மின்விசிறி கடகடத்தது. தங்கையும் சின்னண்ணனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணனை ஒரு கான்ஸ்டபிள் கொண்டுவந்து எதிர்ச் சுவரோரம் நிறுத்தினார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீக்கிரம் சொல்லிட்டுக் கிளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கதை கேட்க எனக்கு நேரமில்லை."

நிதானம் இரண்டு படங்களை மேசையில் வைத்தார். ஒன்று கேமராவிலிருந்து வந்த அசல். மற்றது பொம்மைத் தோற்றம் கொடுத்தது. அசலை முதலில் இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினார்.

"இந்த ஆள் எங்கே நிக்கிறார்?"

"லாட்ஜ் மாடியில. விரிப்பைக் கையில பிடிச்சிருக்கான்."

கான்ஸ்டபிளும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. அசல்ல எல்லாமே தெளிவா இருக்கு. அதனால எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியலை. இப்போ இதைப் பாருங்க. டேங்க் தெளிவு. லாட்ஜ் மங்கல். விரிப்பு மங்கல். இந்த ஆள்?"

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார். "தெளிவா இருக்கான்."

"லாட்ஜ்ல நிக்கிறவர் லாட்ஜோட சேர்ந்து மங்கியிருக்கணும்."

"மனுஷ உருவம் தெளிவா இருந்தா படம் அழகா இருக்கும்" என்றார் சின்னண்ணன் அமைதியாக. "அதுக்காக விட்டேன்."

"சரி. விரிப்புக் காயப்போடற ஆள். அழகுக்காக ஆளை விட்டீங்க. அவர் கையில இருக்கற விரிப்பை ஏன் விடலை?" நிதானம் பென்சில் முனையால் தொட்டார். "விரல் தெளிவா இருக்கு. விரல் பிடிச்சிருக்கற துணி புகையா இருக்கு. விரலுக்கும் துணிக்கும் நடுவுல உங்க கை ஒரு கோடு போட்டிருக்கு. இந்த விரல் வேற இடம், இந்தத் துணி வேற இடம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

 அவசரத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான்.

"அவர் விரிப்பைப் பிடிக்கலை. டேங்க் மேலே நின்னு தடுப்புக் கம்பியைப் பிடிச்சிருக்கார். விரிப்பு ரொம்பத் தூரத்துல அது பாட்டுக்குக் காயுது. நேத்து என் மச்சானை டேங்க்லயும் லாட்ஜ் ஆளை மாடியிலயும் நிக்க வச்சு அதே இடத்துலேருந்து படம் எடுத்தேன். லாட்ஜ்ல நிக்கிறவர் படத்துல இந்த ஆள் அளவுல முக்கால் பங்குதான் வரார். இந்த ஆள் டேங்க்லதான் நிக்கிறார். சந்தேகமே இல்லை."

இன்ஸ்பெக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துப் பொம்மைப் படத்தின்மேல் குனிந்தார். குனிந்தபடியே கேட்டார். "இவன் பக்கத்துல கம்பி ஒண்ணு வெளியே தொங்குதே?"

"அசல்ல அது விரிப்போட மடிப்பு மாதிரி தெரியுது. இதுல தனியா பிரிச்சு வரைஞ்சிருக்கு. தடுப்பு பிஞ்சதுக்கு அப்புறம் எடுத்த படம் இது. அவர் விழுந்தாச்சு. மேலே ஒருத்தர் நின்னு கீழே பார்க்கறார். கேமரா பிடிச்சவர் அத்தனை தூரத்துல எதிர்க் கட்டடத்துல இருக்கார்."

தங்கையின் தலை மெல்லத் திரும்பியது. அவள் பெரியண்ணனைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணு பழகினது" என்றார் சின்னண்ணன். "அளவைப் பார்த்தே டேங்க்ல நிக்கிறான்னு கண்டுபிடிச்சேன். வேலை தெரிஞ்சவன் எவனும் கண்டுபிடிப்பான்."

"கண்டுபிடிப்பீங்க. ஒத்துக்கறேன். அப்போ நான் கேட்டப்போ லாட்ஜ்னு ஏன் சொன்னீங்க? ரெண்டு தடவை கேட்டேன். 'வேற எங்கே'ன்னு திருப்பி என்னையே கேட்டீங்க."

சின்னண்ணன் சட்டைக் கைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"மாப்பிள்ளை டேங்க்லேருந்து விழுந்து செத்த விஷயம் ஊருக்கே தெரியும். அந்த டேங்க்ல அன்னிக்கு ஒரு ஆளைப் படத்துல பார்த்திருக்கீங்க. நல்ல எண்ணம் இருந்தா அன்னிக்கே போலீஸுக்கு ஓடி வந்திருப்பீங்க. உங்க அண்ணனைத் தூக்குலேருந்து காப்பாத்தறதுக்கு இல்லைன்னாலும், உங்க தங்கச்சிக்காக. மறைச்சீங்க. ஏன்னா அந்த இடத்தை நீங்க அளவு பார்த்துக் கண்டுபிடிக்கலை. கால் வச்ச இடம் அது. உங்க வாய் லாட்ஜ்ங்குது. கை டேங்க்ங்குது."

"ஒரு படத்துல கோடு போட்டதுக்காக ஒருத்தனை உள்ளே தள்ள முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "கோர்ட்டுல சிரிப்பாங்க. இவர் அன்னிக்கு மத்தியானம் ஸ்டூடியோவை விட்டு நகரலைன்னு இந்தம்மா வாக்குமூலம் குடுத்திருக்கு. அது நிக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சின்னண்ணன் கையை அவள் தோளில் வைத்தார்.

"சொல்லும்மா. நான் கீழேதானே இருந்தேன். இந்த மூணு வாரமா உன்னைத் தாங்கினது யாரு? அவனா?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான விரல்கள். தட்டில் சோறு போட்டுக் கொடுத்த விரல்கள். பிறகு மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். அந்தச் சின்ன மனிதனின் விரல்கள் நீண்டிருந்தன. 

"நான் ரேடியோவைத்தான் கேட்டேன்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "இவனைப் பார்க்கலை. மாத்தி எழுதிக்கோங்க."

சின்னண்ணனின் கை தானாக விலகியது.

"நன்றி கெட்ட ஜென்மம்" என்றார் அவர். அப்போதும் குரல் உயரவில்லை.

"அவர் உன்னை என்ன செஞ்சார்?" என்று கேட்டாள் தங்கை.

"என்ன செஞ்சாரா? இடம் பார்க்கலாம் வான்னு கூட்டிட்டுப் போனார் உன் புருஷன். மேலே நின்னுக்கிட்டு, 'இனிமே உங்க வேலையைப் பட்டன் பார்த்துக்கும், நீங்க கல்லாவுல உட்காருங்க'ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். அந்தக் கோபுரத்துப் படத்தைச் சுவத்துல மாட்டினதே நான் தினம் பார்க்கணும்னுதான். பட்டனுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அவர். தள்ளினேன். கம்பி துரு. போயிட்டார்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். அவர் கதவருகே போய் நின்றார்.

"வந்து உட்கார்ந்து அந்தப் படத்தை வேலை செஞ்சீங்களே" என்றான் அவசரம். அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அது நீங்கதான்னு தெரியலையா?"

"டேங்கை வரைஞ்சு முடிச்சப்புறம்தான் யாருன்னு பார்த்தேன். எடுத்துடலாம்னா அசல் போயாச்சு. மங்கலாக்கலாம்னு நினைச்சேன்."

"ஆக்கியிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோமே."

சின்னண்ணன் அவனை ஏளனமாகப் பார்த்தார். படிக்காத பிள்ளையைப் பார்க்கும் வாத்தியாரின் பார்வை.

"டேங்க்ல நிக்கிறதை எப்படிய்யா மங்கலாக்குறது? தப்பா இருக்குமே."

சுவரோரம் நின்ற பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

பெரியண்ணனை வெளியே விட இரண்டு நாள் ஆயிற்று. அன்று வெயில் கடுமையாக இருந்தது. காவல் நிலையத்துக்கு எதிரே, ஒரு மூடிய கடையின் நிழலில் தங்கை நின்றிருந்தாள். நிதானமும் அவசரமும் வண்டியருகே நின்றார்கள். அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழப்போகும் காட்சிக்காக அவசரம் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தான்.

பெரியண்ணன் படியிறங்கி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. நிதானத்தின் அருகே ஒரு கணம் நின்றான்.

"உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்னு எதிர்பார்க்காதீங்க. என்னைத் தூக்குல போடத்தானே வந்தீங்க."

"எதிர்பார்க்கலை" என்றார் நிதானம்.

அவன் தங்கையைக் கடந்து நடந்தான். அவள் பின்னாலேயே கிளம்பினாள். நாலைந்து அடி தள்ளி, அவன் நிழலை மிதிக்காமல். கடைத்தெருவின் முனை வரை இருவரும் அப்படியே போனார்கள்.

அங்கே அவன் சட்டென்று நின்று திரும்பினான். "எங்கூட வராதே."

"உங்கூட யாரு வந்தா?" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. அன்றுதான் முதல் முறையாகக் கண்ணில் நீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "என் வீடும் அந்தப் பக்கந்தான்."

அவன் அவளைப் பார்த்தபடி நின்றான். பிறகு திரும்பி நடந்தான். முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.